ஊசிப்பேனையும் மருந்தின் அளவும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணி வாங்கப் புறப்பட்ட எவரும், உறுதியிலே 'பத்துப் பரப்பு' என்று எழுதியிருக்கக் கண்டவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. அது தோட்டக் காணியா, வயற் காணியா என்று முதலிற் கேட்பார். தோட்டக் காணியாயின் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். வயற் காணியாயின் 24 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். பெயரும் ஒன்று, எண்ணும் ஒன்று, நிலமோ ஒன்றன்று. பத்துப் பரப்புத் தோட்டம் இருக்கும் இடத்திலே பதினைந்து பரப்பு வயல் அடங்கிவிடும். இந்த நுட்பம் எழுத்தறியாத கமக்காரனுக்கும் தெரியும். காணி விடயத்தில் இவ்வளவு விழிப்பாக இருக்கும் நம்மவர், உடம்பினுள்ளே செலுத்தும் மருந்தின் விடயத்தில் மாத்திரம் வெறும் எண்ணைக் கேட்டுக்கொண்டு அமைதியடைந்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளாக உலகெங்கும் பேசப்படும் ஒரு மருந்துக் குடும்பம் உண்டு. உணவு உட்கொண்டதும் நமது குடலிலே இயல்பாகச் சுரக்கும் ஓர் உட்சுரப்பைப் போலத் தொழிற்பட்டு, இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதும், இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக வெளியேறும்படி செய்வதும், மூளைக்குப் 'போதும்' என்ற செய்தியை அனுப்புவதும் இவற்றின் வேலை. செமாகுளுடைட் என்பது ஒன்று. டிர்செபடைட் என்பது மற்றொன்று. முன்னது ஒசெம்பிக் என்ற பெயரிற் சலரோகத்துக்கு 2017இலும், வெகோவி என்ற பெயரில் உடற்பருமனுக்கு 2021இலும் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னது மௌஞ்சாரோ என்ற பெயரிற் சலரோகத்துக்கு 2022இலும், வேறொரு பெயரில் உடற்பருமனுக்கு 2023இலும் அங்கே அனுமதிக்கப்பட்டது. 2025 டிசெம்பரில் உலக சுகாதாரத் தாபனமும் உடற்பருமன் சிகிச்சையில் இவ்வகை மருந்துகளைக் கையாள்வது குறித்து வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. இவை நல்லனவா, தீயனவா என்ற வழக்கை இன்று எடுக்க வேண்டியதில்லை. வைத்தியர் ஆராய்ந்து, தக்கவருக்குத் தக்க அளவிற் கொடுத்தால் நன்மை பயப்பவையே. இன்று எடுத்துக்கொண்ட பொருள் அந்தத் 'தக்க அளவு' என்பது மாத்திரமே.

அந்த அளவு எத்துணைச் சிறியது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைக் கற்று வந்த நம் நாட்டு வைத்தியர்கள், வீரியம் மிக்க மருந்துகளைக் குன்றிமணி எடையால் நிறுத்தார்கள். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 130 மில்லிகிராம் நிறை உடையது. செமாகுளுடைட் மருந்தைத் தொடங்கும்போது ஒரு கிழமைக்குக் கொடுக்கப்படும் அளவோ 0.25 மில்லிகிராம். ஒரு குன்றிமணியை ஐந்நூறு கூறாக்கி, அதில் ஒரு கூற்றை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு. இதைக் கண்ணால் மதிக்கவோ கையால் நிறுக்கவோ மனிதரால் இயலாது. ஆகவேதான் அதனை நீரிற் கரைத்து, அந்த நீரை அளந்து செலுத்தும் பொறுப்பை ஊசிப்பேனை என்னும் கருவியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கருவி பிழை செய்வது அரிது. கருவிக்குச் சொல்லும் சொல்லிலேதான் பிழை நேர்கிறது.

வடமராட்சியில் ஒரு வீட்டை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருதல் வேண்டும். வீட்டில் இருப்பவர் அறுபத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் மாத்திரம். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். தாய்க்குப் பல ஆண்டுகளாகச் சலரோகம். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஆடி விடுமுறையில் இலண்டனிலிருந்து வந்த மகள், தான் பாவித்து வந்த ஊசிப்பேனையொன்றைத் தாயின் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்துவிட்டுப் போகிறாள். போன பின்னர் தொலைபேசியிற் சொல்கிறாள்: "அம்மா, கிழமைக்கு ஒருக்காப் போட்டாற் காணும். முதல் மாதம் இரண்டரை." தாய் கேட்கிறார்: "இரண்டரை என்ன, பிள்ளை?"

நேயர்களே, மருந்துலகில் இதைவிட அறிவுள்ள கேள்வி வேறில்லை. மகளுக்கு இந்தக் கேள்வி சற்று எரிச்சலைத் தந்திருக்கலாம். ஆயினும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டிர்செபடைட் மருந்து 2.5 மில்லிகிராமில் தொடங்கப்படுவது, செமாகுளுடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கப்படுவது. ஒன்றின் தொடக்க அளவு மற்றதன் தொடக்க அளவிற் பத்து மடங்கு. அடுத்த வீட்டுக்காரர் ஒரு மருந்தைப் பாவிக்க, இவர் வேறொன்றைப் பாவிக்க, இருவரும் வேலியோரத்தில் நின்று எண்களை மாத்திரம் பரிமாறிக்கொண்டால் என்ன விளையும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதிலும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மருந்தை மூன்று விதமாக அளந்து சொல்கிறார்கள். மருந்துப் பொருளின் நிறையைச் சொல்வது மில்லிகிராம். அது கரைந்துள்ள நீரின் கனவளவைச் சொல்வது மில்லிலீற்றர். இன்சுலின் ஊசிக்குழலிலே கீறப்பட்டிருக்கும் கோடுகளைச் சொல்வது அலகு. இக்காலத்து ஊசிக்குழல்களிற் பெரும்பாலும் நூறு அலகு சேர்ந்தது ஒரு மில்லிலீற்றர். மூன்றும் மூன்று வேறு பொருள்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் நடுவிலே ஒரு பாலம் வேண்டும். அதுவே செறிவு; அதாவது, ஒரு மில்லிலீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்ற கணக்கு.

அமெரிக்காவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே செமாகுளுடைட் பேனைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், கலவை மருந்தகங்கள் அதனைக் குப்பிகளில் அடைத்துக் கொடுத்தன. நோயாளர் தாமே ஊசிக்குழலில் இழுத்துப் போட வேண்டியிருந்தது. 2024 யூலையில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. சிலர் தமக்குரிய அளவின் ஐந்து மடங்கு முதல் இருபது மடங்கு வரை இழுத்துப் போட்டுவிட்டனர் என்றும், வைத்தியசாலை செல்ல வேண்டிய நிலை சிலருக்கு நேர்ந்தது என்றும் அது அறிவித்தது. பிழைத்தவர்கள் நோயாளர் மாத்திரமல்லர். மருந்தை எழுதிக் கொடுத்தவர்களிலும் சிலர் அலகுக் கணக்கில் தவறியிருந்தனர்.

எப்படித் தவறுகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு குப்பியில் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் செறிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மில்லிகிராம் வேண்டுமானால் கால் மில்லிலீற்றர். அதாவது 25ஆம் கோடு. நோயாளி '25' என்ற எண்ணை நெஞ்சிலே பதித்துக்கொள்கிறார். அடுத்த முறை வாங்கிய குப்பியிலே மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம். இப்போது வேண்டியது 5ஆம் கோடு மாத்திரமே. அவரோ பழக்கத்தால் 25ஆம் கோடுவரை இழுக்கிறார். உள்ளே போனது ஒன்றேகால் மில்லிகிராம்; ஐந்து மடங்கு. எண் மாறவில்லை, வயற்பரப்புத் தோட்டப்பரப்பாகிவிட்டது!

இது புதிய சங்கடமன்று. 1922 சனவரியில் ரொறன்ரோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்ட காலந்தொட்டே அளவுப் பிரச்சினையும் கூடவே வந்தது. பிரித்தானியாவிலே மில்லிலீற்றருக்கு இருபது கோடு கீறிய ஊசிக்குழல்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. இன்சுலினோ 20, 40, 80 அலகு என மூன்று செறிவுகளில் விற்கப்பட்டது. ஆகவே ஒரு கோடு என்பது ஒருவருக்கு ஓர் அலகு, இன்னொருவருக்கு இரண்டு, மற்றொருவருக்கு நான்கு. கோட்டுக் கணக்கும் அலகுக் கணக்கும் கலந்து நேர்ந்த தவறுகளைத் தீர்க்கவே 1983இல் அந்நாடு நூறலகுச் செறிவு ஒன்றுக்கே மாறியது. இந்தியாவில் 40 அலகுக் குப்பிகள் இன்றும் வழக்கில் உள்ளன. சிகிச்சைக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போய் வருபவர்கள் அங்கே வாங்கிய ஊசிக்குழலை இங்குள்ள நூறலகுக் குப்பிக்குப் பயன்படுத்தினால், இரண்டரை மடங்கு இன்சுலின் உடலிற் சேரும். ஊசிப்பேனை 1985இற் சந்தைக்கு வந்ததன் பெரும்பயன், இந்த மனக்கணக்கை நோயாளியின் தலையிலிருந்து இறக்கிவைத்ததே. அப்படியிருக்க, பேனையிலுள்ள மருந்தை வேறொரு ஊசிக்குழலால் உறிஞ்சி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இறக்கிவைத்த சுமையை மறுபடி தூக்கித் தலையில் வைத்துக்கொள்வதை என்னென்பது!

அளவைச் சொல்லும் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'புள்ளி இருபத்தைந்து' என்று தொலைபேசியிற் சொன்னால், இரைச்சலிலே புள்ளி மறைந்து இருபத்தைந்து மிஞ்சும். எழுதினாலும் புள்ளி தேய்ந்துபோகும். தமிழிலே அந்த ஆபத்தில்லாத சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் கால். 'கால் மில்லிகிராம்', 'அரை மில்லிகிராம்' என்று சொன்னால் எவரும் மயங்கார். முந்திரி, காணி, மாகாணி என்று நுண்மையான பின்னங்களுக்கெல்லாம் பெயர் வைத்த மொழி இது. வீட்டிலே தாய்க்கோ தந்தைக்கோ சொல்லும்போது புள்ளியை விட்டுவிட்டுக் காலையும் அரையையும் வழங்குவது பாதுகாப்பானது. எழுதும்போது, புள்ளிக்கு முன்னே சுழியத்தைத் தவறாமல் இடுதல் வேண்டும்.

இனி, பேனையைக் கையாளும் முறை. முதலிலே பேனையின் உடலில் ஒட்டியிருக்கும் சிட்டையை வாசித்தல் வேண்டும்: மருந்தின் பெயர், அதன் அளவு, காலாவதித் திகதி. இன்சுலின் பேனையும் இந்தப் பேனையும் ஒரே வீட்டில், ஒரே பெட்டியில், ஒரே உருவத்தில் இருக்கக்கூடும். அவற்றை வெவ்வேறு தட்டில் வைப்பதே முறை. மருந்து தெளிந்த நீராக இருக்கிறதா என்று பார்த்த பின், புதிய ஊசியைப் பொருத்த வேண்டும். அடுத்து, ஊசி நுனியை மேல்நோக்கிப் பிடித்து, ஒரு துளி வெளிவருகிறதா என்று சோதித்தல். இங்கே மருந்துக்கு மருந்து வழக்கம் வேறுபடும். இன்சுலின் பேனையில் ஒவ்வொரு முறையும் இரண்டு அலகு தள்ளிப் பார்ப்பர். மௌஞ்சாரோவின் நான்கு முறைப் பேனையிலும் ஒவ்வொரு முறையும் சோதனை உண்டு. ஒசெம்பிக் பேனையிலோ புதிதாகத் திறக்கும்போது ஒரு முறை போதும். நடைமுறையை அறியாமல் ஒன்றின் வழக்கத்தை மற்றதில் ஏற்றினால், ஒன்றிலே காற்றுப் போகும். மற்றதிலே மருந்து வீணாகிக் கடைசி முறைக்குப் போதாமற் போகும்.

அளவைத் திருகி வைக்கும்போது பார்க்க வேண்டியது சாளரத்தில் தெரியும் எண்ணையே. திருகும்போது எழும் 'கிளிக், கிளிக்' என்ற ஒலியை எண்ணி அளவு வைப்பது இப்போது சிலரிடையே பரவியிருக்கும் பழக்கம். பெரிய அளவுப் பேனையை வாங்கி, ஒலியை எண்ணிச் சிறிய அளவுகளாகப் பிரித்துச் செலவைக் குறைக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். விலையை நினைத்தால் அந்த எண்ணத்தின் மீது இரக்கமே பிறக்கிறது. எனினும், ஒலியை எண்ணி அளவு வைக்கலாகாது என்று ஒசெம்பிக் பேனையின் குறிப்பே சொல்கிறது. வீதியிலே ஒரு லொறி கடந்து போனால் ஒன்றிரண்டு ஒலி காதிலே விழாமற் போகும். கண்புரை உள்ள முதியவர்கள் நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிந்து எண்ணை வாசிக்க வேண்டும். இயலாவிடின் அயல் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் செய்யலாம். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

வயிற்றிலோ தொடையிலோ ஊசியை ஏற்றி, பொத்தானை முழுவதும் அழுத்தியவுடன் கையை எடுத்துவிடக்கூடாது. ஒசெம்பிக் பேனையில் எண் சுழியத்துக்கு வந்த பின்னரும் ஆறுவரை மெதுவாக எண்ண வேண்டும். மெல்லிய ஊசியினூடே மருந்து முற்றாக இறங்க அந்த நேரம் தேவை. அவசரப்பட்டு உருவினால் மருந்து தோலின் மேல் வழிந்துவிடும். அப்படி வழிந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்நேரத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்று மதித்துப் போடுவதே பெரிய தவறு. அன்று விட்டுவிட்டு வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்க வேண்டும். போட்ட பின் ஊசியைக் கழற்றிக் கெட்டியான பிளாஸ்திக்குக் கொள்கலனிலே சேர்த்து வைத்தல் நன்று. ஊசியைக் கழற்றாமல் மூடிவைத்தால் மருந்து கசியும்; காற்றுக் குமிழியும் புகும்; அடுத்த முறை அளவு பிழைக்கும். நான்கு முறைப் பேனையில் நான்கும் முடிந்த பின்னர் சிறிது மருந்து எஞ்சியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அது ஐந்தாம் முறைக்கு உரியதன்று. பேனையோடு அகற்றப்பட வேண்டியது.

கூடுதலாகப் போய்விட்டால் என்ன? இன்சுலினைப் போலச் சில மணி நேரத்தில் அடங்கும் மருந்தன்று இது. உடலிற் சென்ற செமாகுளுடைட்டின் பாதி குறைவதற்கே ஏறக்குறைய ஒரு கிழமை ஆகும். மாற்று மருந்தும் கிடையாது. ஓங்காளமும் வாந்தியும் வயிற்றோட்டமும் நாட்கணக்கில் நீடித்து, நீர் வற்றி, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அளவு தவறியதாகத் தெரிந்தால், வாந்தி வரும்வரை காத்திராமல், பேனையையும் அதன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவதே செய்ய வேண்டியது. பெட்டி இல்லாமற் போனால் வைத்தியரும் ஊகத்திலே இறங்க வேண்டியிருக்கும்.

அந்த வடமராட்சித் தாயைப் போல் இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ பாவிப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. புதிய மருந்து பசியை அடக்குகிறது. பழைய மருந்து சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் கந்தசஷ்டி விரதமும் சேர்ந்தால், சீனி கீழிறங்கி மயக்கம் வரும். பழைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று வைத்தியர் தீர்மானித்த பின்னரே புதியதைத் தொடங்க வேண்டும். மேலும், ஒருவர் பாவித்த பேனையை மற்றொருவர், ஊசியை மாற்றியேனும், பாவிக்கலாகாது. ஏற்றும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு குருதி பின்னோக்கிப் பேனைக்குள் வரக்கூடும். 'ஒரு நோயாளிக்கு மாத்திரம்' என்று இத்தகைய பேனைகளில் அச்சிட வேண்டுமென அமெரிக்க நிர்வாகம் 2015இல் விதித்ததற்கு இதுவே காரணம். தாய்க்கும் மகளுக்கும் இடையே கூட இந்த விதிக்கு விலக்கில்லை.

குடாநாட்டின் வெயிலையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். திறவாத பேனை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். திறந்தது, 30 பாகைக்கு மேற்படாத இடத்திலே, குறிப்பிட்ட நாட்கள் வரை தாங்கும்: ஒசெம்பிக் 56 நாள், மௌஞ்சாரோப் பேனை 30 நாள். சித்திரையிலிருந்து ஆவணி வரை நம் வீடுகளின் உட்புறமே நண்பகலில் 30 பாகையைத் தாண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் ஈர மண்பானை ஓரளவு உதவும். ஆனால் புழுக்கமான நாளில் அதன் குளிர்ச்சியும் குறைந்துபோகும். வெயிலிற் கெட்ட மருந்தை எவ்வளவு நுட்பமாக அளந்தென்ன? அது அளவு குறைந்த மருந்தே.

கைக்குக் கை வரும் பேனைகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2023இல் ஒஸ்திரியாவில் ஒசெம்பிக் என்று நம்பிப் போட்டுக்கொண்ட சிலர், சீனி மிகக் குறைந்து வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர்; உள்ளே இருந்தது இன்சுலின் என்றே அந்நாட்டு அதிகாரிகள் ஐயுற்றனர். 2024இல் உலக சுகாதாரத் தாபனமும் போலி ஒசெம்பிக் பற்றி எச்சரித்தது. இலங்கையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு பெற்ற மருந்தை, உரிய மருந்தகத்திற் பற்றுச்சீட்டோடு வாங்குவது சற்றுச் செலவானாலும் நம்பகமானது.

பெட்டிக்குள்ளே மடித்து வைத்த தாளில் எழுத்து மிகச் சிறிது. மொழியும் பெரும்பாலும் ஆங்கிலம். இதிலே யாழ்ப்பாணத்தாருக்கு ஓர் ஆதங்கம் எழுவது இயல்பு. 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். அறுவைச் சிகிச்சையையும் இரசாயனத்தையும் தமிழிற் சொல்ல முடிந்த ஊரிலே, ஓர் ஊசிப்பேனையின் பன்னிரண்டு வரிக் குறிப்பைத் தமிழில் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுப்பது அரிதான செயலன்று. மருந்தை இறக்குமதி செய்வோர் செய்யாவிடினும், மருந்தகங்களும் வைத்தியசாலைகளும் ஒரு பக்கத் தாளிலே செய்யலாம்.

அந்தத் தாய் தம் கேள்வியை மகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேனைகளையும் ஒரு பையிலிட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார். தாதி சிட்டையை அவரோடு சேர்ந்து வாசிக்கிறாள். இலண்டன் பேனை திறந்து முப்பது நாளுக்கு மேலாகிவிட்டது. அது அங்கேயே அகற்றப்படுகிறது. வைத்தியர் குருதியைச் சோதித்து, மாலை இன்சுலினைக் குறைத்து, செமாகுளுடைட் பேனையொன்றைத் தாயின் பெயருக்கே எழுதிக் கொடுக்கிறார். வீடு திரும்பிய தாய், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நான்கு வெள்ளிக்கிழமைகளின் மேல் 'கால் மில்லிகிராம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, இரவு மகளை அழைத்து அதை வாசித்துக் காட்டுகிறார்.